கடலுக்குப் போகும் வழி

திருப்பதிக்குக் கடல் உண்டா என்று பத்து வருஷத்துக்கு முன் யாராவது கேட்டிருந்தால் நாம் எல்லோரும் சிரித்திருப்போம். ஏழு மலை உண்டு, கோனேரி உண்டு, சித்தூர்ப் பக்கம் போனால் மாந்தோப்பு உண்டு. கடல் பார்க்க வேண்டும் என்று குழந்தைகள் அடம் பிடித்தால் சென்னைக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதுதான். 2022 ஏப்ரல் 4ஆம் தேதி அந்தக் கணக்கு மாறிவிட்டது. அன்று பிறந்த திருப்பதி மாவட்டத்தில், பழைய சித்தூர் ஜில்லாவின் ஒரு பகுதியோடு நெல்லூர் ஜில்லாவின் தென்பகுதியும் சேர்ந்தது. சூலூர்பேட்டை, நாயுடுபேட்டை, வாகாடு, தடா என்று ரயிலில் போகும்போது பெயர்ப் பலகையில் மட்டும் பார்த்த ஊர்கள் நம் மாவட்டத்து ஊர்களாயின. பழவேற்காடு ஏரியின் பெரும் பகுதி, ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா, துகராஜபட்டினம், தூபிலிபாளையம் கடற்கரை எல்லாம் நமக்கு வந்து சேர்ந்தன. ஜில்லா எல்லைக் கோடுகளை அதற்குப் பிறகும் அழித்து எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கடல் மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது.

உண்மையைச் சொன்னால், நமக்கும் அந்தக் கடலுக்கும் உறவு புதியதல்ல. திருப்பதிக்கு அருகே புறப்பட்டு, காளஹஸ்திக் கோயிலைத் தொட்டுக்கொண்டு ஓடும் சுவர்ணமுகி, நம் பெரியோர் பொன்முகலி என்று பாடிய அதே ஆறு, நாயுடுபேட்டை தாண்டி வாகாடு பக்கம் போய்க் கடலில் சேர்கிறது. பிச்சாட்டூர் அணையில் நாம் பார்க்கும் ஆரணியாறு ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஏரியில் விழுகிறது. காளங்கியும் அப்படியே. நம் வயல்களில் பெய்த மழைதான் அந்த ஏரியின் உப்பைக் கரைத்து இறாலும் நண்டும் வளர்க்கிறது.

மனிதர்களும் நமக்கு வேண்டியவர்களே. 1960இல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி அந்தப் பக்கம் போனதைப் பற்றி நம் சங்கக் கூட்டங்களில் நிறையப் பேசியாயிற்று. அதற்கு ஈடாகப் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களின் சில கிராமங்கள் ஆந்திரத்துக்கு வந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. கரையோரம் நெல்லூர் வரை இருக்கும் மீனவர்களைத் தெலுங்கில் ‘பட்டபு’ என்பார்கள். நாம் பட்டினவர் என்கிறோமே, அவர்கள்தான். வெளியில் தெலுங்கும் வீட்டில் ஒருவகைத் தமிழும் பேசுகிறவர்கள். தமிழ்ச் சங்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் நம் மொழியைக் காப்பாற்றி வருகிறவர்கள் இவர்கள்.

இந்தக் கரையைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் என் தொழில். டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து, முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் பாதைப் பிரிவிலேயே இருந்து ஓய்வு பெற்றவன் நான். தண்டவாளத்தைப் பார்த்த நேரத்துக்குச் சமமாக, அதைக் குறுக்கே கடக்கும் மனிதர்களையும் பார்த்திருக்கிறேன். வழி என்றால் என்ன, அதை அடைத்தால் என்ன ஆகும் என்பதுதான் எனக்குக் கொஞ்சம் தெரிந்த விஷயம்.

காலி நிலம் என்கிறார்கள்

பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவில் ஒரு நீளமான மணல் பட்டை ஓடுகிறது. சவுக்கு, பனை, முள்செடி, மணல் மேடு. கால்வாயும் ஒருகாலத்தில் பொது வழியாகவே இருந்தது. 1806இல் சென்னைப் பக்கம் வெட்டத் தொடங்கி, 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு ஆள் சேர்த்து நீட்டி, கவர்னர் பக்கிங்காம் பெயர் வைத்த அந்தக் கால்வாயில் உப்பும் விறகும் படகு படகாகச் சென்னைக்குப் போயின. படகை இழுத்துக்கொண்டு கரையில் நடந்தவர்களின் தடமே பல ஊர்களுக்குப் பாதை.

பட்டணத்திலிருந்து வருகிறவர் இந்தப் பட்டையைப் பார்த்தால், ‘அட, இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே’ என்பார். சர்க்கார் கணக்கிலும் பெரும்பாலும் புறம்போக்கு. தமிழிலும் தெலுங்கிலும் இந்தச் சொல் ஒன்றுதான். இரண்டிலும் இதை வசவாகவும் ஆக்கிவிட்டோம். வரிக் கணக்குக்குப் புறம்பாக விட்டது, ஊர் முழுவதற்கும் பொதுவானது என்பதே அதன் பொருள். ஒரு மீனவக் குப்பத்தில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தால் சும்மா கிடக்கும் இடம் ஒரு முழம் கூட இல்லை என்பது விளங்கும். ஓரிடத்தில் படகை ஏற்றி வைத்திருப்பார்கள். ஓரிடத்தில் வலை காயும், இன்னோரிடத்தில் கருவாடு. கரைவலை இழுக்கிறவர்களுக்கு இரண்டு கயிற்றையும் பிடித்து நிற்க நூற்றுக்கணக்கான கெஜம் வெறும் மணல் தேவை. நடுவில் ஒரு கட்டிடம் வந்தால் வலை இல்லை. கங்கம்மாவுக்கு ஒரு மேடை, இறந்தவர்களுக்கு ஒரு மூலை. புயல் நாளில் படகுகளை உள்ளே இழுத்துவர இன்னும் கொஞ்சம் இடம். இதற்கெல்லாம் பட்டா கிடையாது.

ஏரிக்குள்ளும் இப்படித்தான். பழவேற்காட்டில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. இன்ன நாள் இன்ன இடத்தில் வலை போடும் உரிமை இன்ன குடும்பங்களுக்கு என்று முறை வைத்து, இடத்தைச் சுழற்றிக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடக் கூடாது என்பது ஏற்பாடு. நம் ரயில்வேயில் டூட்டி ரோஸ்டர் போடுவதைவிட நியாயமாக இருக்கிறது என்பேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் தை மாதம் என் மகன் குடும்பத்தோடு அந்தக் கரைக்குப் போனேன். ஊர்ப் பெயர் வேண்டாம். கார் நின்ற இடத்திலிருந்து அலைச் சத்தம் கேட்கிறது. எதிரே முள்கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் இறால் குளங்கள், அதற்கும் அப்பால் கடல். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் வந்தார்.

“ஏம்மா, கடலுக்கு இப்படித்தானே வழி?” என்றேன்.

நான் பேசிய தமிழைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. “வழி இதான் அய்யா. இப்ப கம்பி கட்டிட்டாங்க. எறா களவு போவுதாம். நீங்க தெக்கால சுத்திக்கினு போங்க.”

“ரொம்பத் தூரமா?”

“வெறுங்கையோட போனா கொஞ்ச தூரந்தான். கூடையோட வந்தா ரொம்ப தூரம்.”

பாதைப் பிரிவில் வேலை பார்த்தவனுக்கு எட்டு வைத்து அளப்பது சாகிறவரை போகாத பழக்கம். வேலியோரமாக நடந்து பார்த்தேன். நேர் வழி திறந்திருந்தால் எழுநூறு எட்டில் கடல். சுற்று வழியில் மூவாயிரம் எட்டுக்கு மேல், அதில் பாதி புதைமணல். அந்த அம்மாள் ஒரு நாளைக்கு இரண்டு நடை போகிறவர்.

குளத்துக்காரர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. இறாலுக்கு நோய் வந்தால் ஒரே வாரத்தில் லட்சக்கணக்கில் போய்விடும். வெளியாள் காலடிகூட அவருக்குப் பயம். நம் மாவட்டத்தில் இன்று எத்தனையோ குடும்பம் இறாலால் சாப்பிடுகிறது. ஆனால் வேலி போடும்போது ஓரத்தில் பத்தடி விட்டிருந்தால் அவருக்கு என்ன குறைந்துவிடும்?

கேட்டை மூடினாலும் வழி உண்டு

ரயில்வேயில் இப்படி நடக்காது. நாங்கள் புண்ணியவான்கள் என்று அர்த்தமில்லை, சட்டம் அப்படி. ஒருவர் நிலத்தின் குறுக்கே தண்டவாளம் போட்டால் அவர் கடந்துபோகக் கேட்டோ பாலமோ, தண்ணீர் போகக் கல்வெர்ட்டோ செய்து தர வேண்டும் என்று 1989 ரயில்வே சட்டம் சொல்கிறது. வெள்ளைக்காரன் காலத்து 1890 சட்டத்திலும் இது இருந்தது. ஒரு லெவல் கிராசிங்கை மூட வேண்டும் என்றால் ஜில்லா நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். அகலப் பாதையில் ஆளில்லாத கேட்டுகளை எல்லாம் 2019 ஜனவரிக்குள் ஒழித்தார்களே, அந்தக் கடைசி சில வருஷங்களில் நான் ஏறி இறங்காத பஞ்சாயத்து ஆபீஸ் இல்லை. ‘கேட்டை மூடுகிறோம், கீழே சுரங்கப் பாதை தருகிறோம்’ என்றால், ‘மாட்டு வண்டி வைக்கோலோடு போகுமா? மழைத் தண்ணீர் நிற்காதா?’ என்று பெண்கள் கேட்பார்கள். பதில் சொல்லாமல் நகர முடியாது. எவ்வளவு எரிச்சலாக இருந்தாலும் அந்தக் கேள்விகளால்தான் பல சுரங்கப் பாதைகள் உருப்படியாக அமைந்தன.

கடலோரத்தில் பார்த்தால், ஓர் ஊரின் வழியை மூட ஒரு சுருள் முள்கம்பி போதும். கேட்பார் இல்லை.

கடற்கரைக்கும் சட்டம் இருக்கத்தான் இருக்கிறது. 1991 பிப்ரவரி 19ஆம் தேதி மத்திய சர்க்கார் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு. கிராமப்புறக் கரையில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டிடமே கூடாது என்றது. 2011இல் புது அறிவிக்கை. 2019இல் இன்னொன்று, அதில், சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் மக்கள் நெருக்கமுள்ள கிராமப் பகுதிகளில் அந்த 200 மீட்டரை 50 மீட்டராகக் குறைத்துவிட்டார்கள்.

எத்தனை மீட்டர் என்ற சண்டைதான் எல்லோர் காதிலும் விழுகிறது. வழியைப் பற்றிய வாசகம் அறிவிக்கையின் பின்னிணைப்பில் ஒளிந்திருக்கிறது. 1991இல் எழுதினார்கள், 2011இலும் திருப்பி எழுதினார்கள்: அடுத்தடுத்த இரண்டு கடற்கரை ஓட்டல்களுக்கு நடுவில் பொதுமக்கள் கடலுக்குப் போக 20 மீட்டர் அகலமாவது இடைவெளி விட வேண்டும். படித்தபோது எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. 20 மீட்டர் என்றால் இரட்டை ரயில் பாதை போட்டும் இடம் மிஞ்சும். ஆனால் இது ஓட்டலுக்குச் சொன்னது. குளத்துக்கும் குடோனுக்கும் ஃபேக்டரிக்கும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

ஒரு தமிழர் போட்ட வழக்கு

இந்த ஏரிக்காக ஒரு தமிழர் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். சர்வோதயத் தலைவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனின் கணவர். கீழத் தஞ்சையில் நிலமில்லாதவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்த தம்பதி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இறால் பண்ணைகள் நெல் வயலையும் குடிநீரையும் உப்பாக்கிக்கொண்டு வந்ததைக் கண்டு போராடினார்கள். 1994இல் ஜெகந்நாதன் வழக்குப் போட்டார். கோர்ட்டு நாக்பூரிலுள்ள நீரி என்ற மத்திய ஆராய்ச்சி நிலையத்தை அனுப்பிக் கரையோரம் பார்த்துவரச் சொன்னது. அவர்கள் கொடுத்த அறிக்கையில் உப்பு, கழிவு நீர் இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: பண்ணைகள் வழியை மறித்ததால் மீனவர்கள் கடற்கரைக்குப் போக முடியாமல் தவிக்கிறார்கள் என்பது.

1996 டிசம்பர் 11ஆம் தேதி நீதிபதிகள் குல்தீப் சிங்கும் சகீர் அகமதுவும் தீர்ப்புச் சொன்னார்கள். அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது. சிலிகா ஏரி, பழவேற்காடு ஏரி இரண்டைச் சுற்றி மட்டும் 1,000 மீட்டருக்குள் கூடாது. இந்தியாவிலேயே இரண்டு ஏரியைப் பெயர் சொல்லிக் காப்பாற்றினார்கள், அதில் ஒன்று நம்முடையது.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சீராய்வு மனுக்கள் வந்தன, இடிப்பு முழுதாக நடக்கவில்லை. 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. தீர்ப்பின் பிடி தளர்ந்தது. 2008இல் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் ஸ்வீடனின் ரைட் லைவ்லிஹுட் விருதைப் பெற்றார்கள். பெரியவர் 2013இல் காலமானார்.

கோவாவில் நடந்த வழக்கு இன்னும் நேரடியாக வழியைப் பற்றியது. பனாஜிக்குப் பக்கத்தில் வைங்கினிம் என்ற சிறிய கடற்கரை. ஓட்டல் கட்டச் சர்க்காரே நிலம் எடுத்துக் கொடுத்தது. 1983இல் எழுதிய ஒப்பந்தத்தில், கடற்கரைக்குப் போகும் பொது வழியைத் தடுக்கக் கூடாது என்று ஒரு ஷரத்து வைத்திருந்தார்கள். ஓட்டல் விரிந்தபோது வழி அடைபட்டது. ஊர்க்காரர்கள் விடவில்லை. 2009 ஜனவரி 20ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, கடற்கரை போன்றவை சர்க்கார் மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கும் சொத்து, அதைத் தனியாருக்கு முடக்கித் தர முடியாது என்று சொல்லி, வழியை அடைத்த கட்டிடப் பகுதியை இடிக்க உத்தரவிட்டது. அதே ஆண்டில் கோவா அரசு முன்தேதியிட்டு ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்து கட்டிடத்தைக் காப்பாற்றியது. 2016இல் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. தீர்ப்பு கிடைத்தது, கட்டிடமும் நின்றது. ஆனாலும் அந்த 2009 தீர்ப்பின் வாசகங்களை இன்றும் வக்கீல்கள் எடுத்துக் காட்டுகிறார்கள். அதற்கெல்லாம் ஆதாரமாக இருந்தது 1983 ஒப்பந்தத்தில் யாரோ ஒரு அதிகாரி மறக்காமல் எழுதிய அந்த ஒரு வரி.

பாதுகாப்பு ஒன்று, வழி வேறொன்று

இங்கே ஸ்ரீஹரிகோட்டாவை நினைக்காமல் இருக்க முடியாது. 1969இல் ராக்கெட் தளத்துக்காகத் தேர்ந்தெடுத்த தீவு. 1971 அக்டோபரில் முதல் சிறிய ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. சுமார் 145 சதுர கிலோமீட்டர். உள்ளே இருந்த யானாதி மக்கள் பலர் இடம் பெயர வேண்டியிருந்தது. நாட்டுக்கு வேண்டிய காரியம், ஒவ்வொரு ராக்கெட்டும் மேலே போகும்போது நமக்கும் மார்பு விரிகிறது. இன்னொரு வேடிக்கை: வெளியார் நுழையாததால் கிழக்குக் கரையில் அருகிவிட்ட அடர்ந்த உலர் காடு அங்கே நன்றாக இருக்கிறது. கரையைக் காப்பாற்ற ஆளையே விடாமல் இருப்பது ஒரு முறைதான் என்பதற்கு இது சாட்சி. 2019 முதல் ராக்கெட் பார்க்கக் காலரி கட்டி, பெயர் பதிவு செய்தவர்களை அனுமதிக்கிறார்கள். பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் எல்லாக் கரைக்கும் பாஸ் வாங்கித்தான் போக வேண்டும் என்று ஆகிவிடக் கூடாது.

சூலூர்பேட்டையிலிருந்து தீவுக்கு ஏரியின் குறுக்கே போகும் சாலையில் போயிருக்கிறீர்களா? இரண்டு பக்கமும் தண்ணீர், பருவத்தில் பூநாரைக் கூட்டம். அழகுதான். என் கண் கல்வெர்ட்டுகளைத்தான் எண்ணுகிறது. இவ்வளவு நீளமான கரைக்கு இது போதாது. வடக்கு ஏரிக்கும் தெற்கு ஏரிக்கும் தண்ணீர் தாராளமாகப் போய் வர வேண்டாமா? மனிதனுக்கு வழி போட்டவர்கள் தண்ணீருக்கு வழியைச் சுருக்கிவிட்டார்கள்.

துகராஜபட்டினம் கதை வேறு. 1626இல் ஆங்கிலேயக் கம்பெனிக்காரர்கள் இங்கேதான் ஒரு பண்டகசாலை வைத்தார்கள். உதவி செய்த ஆறுமுக முதலியார் பெயரால் அதை ‘ஆர்மகான்’ என்று அழைத்ததாகச் சொல்வார்கள். துணி சரியாகக் கிடைக்காமல், பிரான்சிஸ் டே தெற்கே போய் 1639இல் சென்னைக்கு இடம் பிடித்தார். இல்லாவிட்டால் சென்னை ஆந்திரத்தில் இருந்திருக்குமோ என்னவோ! 2014ஆம் ஆண்டு ஆந்திர மறுசீரமைப்புச் சட்டத்தில் இதே ஊரில் பெரிய துறைமுகம், முதல் கட்டம் 2018க்குள் என்று எழுதினார்கள். ராக்கெட் தளத்துக்கு மிக அருகில் என்று விண்வெளித் துறை ஆட்சேபித்தது, துறைமுகம் வரவில்லை. 2025இல் அதே ஊரில் கப்பல் கட்டும் தளம் என்ற பேச்சு எழுந்தது.

ஏரியின் தென்கோடியில், தமிழ்நாட்டுப் பக்கம் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,100 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டம் வந்தது. 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கு நாள் குறித்தார்கள். மீனவர்களின் எதிர்ப்புக்கு நடுவே இரண்டு முறையும் கூட்டம் தள்ளிப்போனது.

துறைமுகமும் தொழிற்சாலையும் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. கட்டுமானத்தில் சம்பளம் வாங்கியவன் அப்படிச் சொன்னால் நன்றாகவும் இருக்காது. திட்ட அறிக்கையில் ரயில் வழி, சாலை வழி, கன்வேயர் பெல்ட் வழி எல்லாம் கோடு போட்டுக் காட்டுவார்கள். கூடைக்காரி வழி எந்தப் படத்திலும் இருக்காது. அது முதலிலேயே கிராமப் படத்தில் இருந்தால் திட்டக்காரரும் விட்டுவிட்டுத்தான் வரைய வேண்டியிருக்கும்.

படத்தில் ஏற்றுவது

ஆந்திராவில் 2020 டிசம்பரில் நிலங்களை மறு சர்வே செய்ய ஆரம்பித்தார்கள். வெள்ளைக்காரன் சங்கிலி போட்டு அளந்த நிலத்தை டிரோனும் செயற்கைக் கோளும் வைத்து அளக்கிறார்கள். நல்ல வேலை. இதில் ஒரு ஆபத்தும் ஒரு வாய்ப்பும் சேர்ந்தே இருக்கின்றன. பழைய கிராமப் படத்தில் வண்டிப் பாதை, தெலுங்கில் டொங்க என்பார்களே, அதை இரட்டைக் கோடாகக் காட்டியிருப்பார்கள். மேலிருந்து எடுக்கும் படத்தில் குளத்துக் கரையும் பாதையும் ஒன்றுபோலத் தெரியும். தரையில் நின்று ‘இது வழி’ என்று சொல்ல ஆளில்லாவிட்டால் இருநூறு வருஷப் பாதை பக்கத்துப் பட்டாவுக்குள் அமுங்கிவிடலாம். சொல்ல ஆள் இருந்தால், ஒழுங்காகக் கணக்கில் ஏறிவிடும்.

பழக்கத்தால் வரும் உரிமையை நம் சட்டம் மதிக்கிறது. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தில் இருபது வருஷம் தடையில்லாமல் நடந்த வழிக்கு உரிமை உண்டு. சர்க்கார் நிலமானால் முப்பது வருஷம். ஊர் வழக்கத்தால் வரும் உரிமைக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. ஆனால் நடந்ததற்குச் சாட்சி வேண்டும். அங்கே நடந்த கிழவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும்.

கலிபோர்னியாவில் இருக்கும் நம் சங்கத்துப் பிள்ளைகள் சிலர், அங்கே கடற்கரைக்குப் போகும் வழிகளுக்குப் பலகை வைத்திருப்பதைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அங்கேயும் அது தானாக வரவில்லை. 1972இல் மக்களே வாக்குப் போட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள், 1976இல் அது நிலையான சட்டமானது. இங்கிலாந்தில் 2009 சட்டத்தின்படி நாட்டைச் சுற்றிக் கடலோர நடைபாதையே போட்டு வருகிறார்கள். சென்னை மெரினாவை இன்று எல்லோரும் காலாற நடக்கிற இடமாக வைத்திருக்கிறோம் என்றால், 1880களில் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே நடைபாதை போட்டு வைத்ததும் ஒரு காரணம்.

வழி திறந்திருந்தால் நம் ஜனங்கள் பாட்டில் உடைத்துப் போடுவார்கள், பிளாஸ்டிக் போடுவார்கள், தடுப்பையும் மீறிக் குளித்து உயிரை விடுவார்கள் என்று அதிகாரிகள் சொல்வார்கள். பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எந்தக் கடற்கரையையும் பார்த்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது. அதற்கு மருந்து குப்பைத் தொட்டியும் எச்சரிக்கைப் பலகையும் ஒரு காவலாளும். கூடைக்காரியின் பாதையை அடைப்பது மருந்தாகாது.

ஆகவே ஒரு யோசனை. சங்கத்தின் சுற்றுலாவுக்கு ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு கோயிலும் ஒரு அருவியும் பார்க்கிறோம். வருகிற ஜனவரியில் சூலூர்பேட்டைப் பக்கம் போகலாம். பூநாரைத் திருவிழா நடக்கிற காலம். நேலப்பட்டு சரணாலயத்தில் கூழைக்கடா கூடு கட்டியிருக்கும். மதியத்துக்கு மேல் தூபிலிபாளையம். திருப்பதியிலிருந்து நூறு கிலோமீட்டரைத் தாண்டும். காலை ஐந்து மணிக்குப் பஸ் கிளம்பினால் சரியாக இருக்கும். ரயிலில் வர நினைக்கிற சென்னை உறவினர்கள் சூலூர்பேட்டை லோக்கலில் வந்து நம்மோடு சேர்ந்துகொள்ளலாம்.

கரையில் ஒரு மணி நேரம் எனக்குக் கொடுங்கள். குப்பத்துப் பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு, கடலுக்குப் போகும் ஒவ்வொரு பாதையிலும் நடந்து, இளைஞர்கள் கையிலிருக்கும் போனிலேயே தடத்தைப் பதிவு செய்யலாம். எந்தப் பாதை, யார் யார் நடக்கிறார்கள், எத்தனை வருஷமாக, எங்கே அடைபட்டிருக்கிறது என்று ஒரு தாளில் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி, ஊர்க்காரர்களின் கையெழுத்தோடு அவர்கள் பஞ்சாயத்தில் ஒரு பிரதி, தாசில்தார் ஆபீசில் ஒரு பிரதி கொடுக்கலாம். பழைய கிராமப் படத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி நான் மனுப் போட்டுவிடுகிறேன். அளவு டேப்பும் நானே கொண்டுவருகிறேன். தெலுங்கில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த ஒரு கல்லூரிப் பிள்ளை மட்டும் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சங்கக் காரியதரிசியிடம் டிசம்பர் முதல் வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள். பஸ்ஸுக்கு முன்பணம் கட்ட வேண்டியிருக்கிறது.